விலங்குகளின் ஒவ்வாமை, தன்னெதிர்ப்புத் தோல் நோய்களுக்கான மருந்துகள்

விலங்குகளின் ஒவ்வாமை, தன்னெதிர்ப்புத் தோல் நோய்களுக்கான மருந்துகள் என்பன, நாய், பூனை, குதிரை முதலிய விலங்குகளில் நோயெதிர்ப்புத் தொகுதியின் பிழையான செயற்பாட்டால் தோன்றும் தோல் நோய்களைக் கட்டுப்படுத்துவதற்குக் கால்நடை மருத்துவத்தில் பயன்படும் மருந்துகள் ஆகும். ஒவ்வாமை நோயில் தீங்கற்ற வெளிப்பொருள் ஒன்றுக்கு எதிராக உடல் மிகையாகச் செயற்படுகிறது. தன்னெதிர்ப்பு நோயில் உடல் தன் சொந்தத் திசுக்களையே பகையெனக் கொண்டு தாக்குகிறது. இவ்விரு வகை நோய்களிலும் பெரும்பாலானவை முற்றாகக் குணமாவதில்லை. கட்டுப்பாட்டில் மட்டுமே வைக்கப்படுகின்றன. ஆகவே மருந்து மாதக்கணக்கிலும், பல விலங்குகளுக்கு வாழ்நாள் முழுவதும் தரப்படுகிறது. அரிப்பை விரைவில் நிறுத்துவது எது என்பதைப் போலவே, விலங்கு நெடுங்காலம் தீங்கின்றித் தாங்கக்கூடியது எது என்பதும் மருந்துத் தெரிவில் முதன்மையான கேள்வியாகும்.

நோய்களின் தன்மை

ஒவ்வாமைத் தோல் நோய்கள்

நாய்களில் காணப்படும் ஒவ்வாமைத் தோல் நோய்கள் முதன்மையாக மூன்று ஆகும்.

- தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை: தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீரில் உள்ள புரதங்களுக்கு எதிராகத் தோன்றுவது. முதுகின் பின்பகுதியிலும் வாலின் அடியிலும் அரிப்பு மிகுந்திருக்கும். ஒவ்வாமை கொண்ட விலங்குக்குச் சில கடிகளே போதுமானவை என்பதால், உடலில் பூச்சி ஒன்றும் காணப்படாத நிலையிலும் நோய் இருக்கலாம்.
- உணவு ஒவ்வாமை: மாட்டிறைச்சி, கோழியிறைச்சி, பால் பொருட்கள் போன்ற உணவுகளின் புரதங்களுக்கு எதிரானது. பருவகால வேறுபாடு இன்றி ஆண்டு முழுவதும் நீடிக்கும்.
- அட்டோபிக் தோலழற்சி: வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சை வித்து முதலிய சுற்றுச்சூழல் பொருட்களுக்கு எதிரானது. மரபுவழிப் போக்கு உடையது. பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. முகம், காது, பாதம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அரிப்பு ஏற்படுகிறது. லாப்ரடோர், ஜெர்மன் ஷெப்பர்டு, பாக்ஸர், பிரெஞ்சு புல்டாக், வெஸ்ட் ஹைலண்ட் வெள்ளை டெரியர் முதலிய இனங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது.

பூனைகளில் இந்நோய்கள் வேறு வடிவில் வெளிப்படுகின்றன. கழுத்திலும் முதுகிலும் தினையளவு பொருக்குகள், உதட்டுப் புண், நக்கி நக்கி முடியிழந்த வயிறு என்பன அவற்றுட் சில. குதிரைகளில் குலிக்காய்டிஸ் என்னும் நுண்கொசுவின் கடியால் உண்டாகும் ஒவ்வாமை பெருந்தொல்லையாகும். குதிரை தன் பிடரியையும் வாலையும் மரத்திலும் வேலியிலும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஐஸ்லாந்தில் பிறந்து ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்படும் குதிரைகளிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது.

ஒவ்வாமையில் இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரி முக்கிய பங்காற்றுகிறது. இது தோலிலுள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேல் ஒட்டியிருக்கும். ஒவ்வாமையூக்கி வந்து சேர்ந்ததும் அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருட்களை வெளிவிடுகின்றன. இதனுடன், டி உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-31 என்னும் சைட்டோகைனைச் சுரக்கின்றன. இப்பொருள் தோலின் நரம்புகளில் நேரடியாகச் செயற்பட்டு அரிப்புணர்வைத் தோற்றுவிக்கிறது. நாயின் நாட்பட்ட அரிப்பில் ஹிஸ்டமினை விட இன்டர்லூக்கின்-31 பெரும்பங்கு வகிக்கிறது என்ற புரிதலே 2010களில் வந்த புதிய மருந்துகளுக்கு அடிப்படையாகும்.

தன்னெதிர்ப்புத் தோல் நோய்கள்

இவை ஒவ்வாமையை விட மிக அரிதானவை. இவற்றுள் நாயிலும் பூனையிலும் மிகுதியாகக் காணப்படுவது பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் ஆகும். மேற்றோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரதங்களைப் பிறபொருளெதிரிகள் தாக்குவதால் இது உண்டாகிறது. மனிதரில் டெஸ்மோகிளீன்-1 என்னும் புரதம் இலக்காகிறது. நாயில் பெரும்பாலும் டெஸ்மோகாலின்-1 இலக்காகிறது. பிணைப்பு அறுந்த உயிரணுக்கள் பிரிந்து மிதக்க, சீழ்க்கொப்புளங்கள் தோன்றி உடைந்து மஞ்சள் நிறப் பொருக்குகளாகின்றன. மூக்குத்தண்டு, காதுமடல், பாத மெத்தை ஆகியன முதலில் பாதிக்கப்படும். பூனைகளில் நகக்கண்களும் முலைக்காம்பைச் சுற்றிய பகுதியும் பாதிக்கப்படுவதுண்டு. குதிரை, ஆடு ஆகியவற்றிலும் இந்நோய் அறியப்பட்டுள்ளது.

மற்றொரு நோய் டிஸ்காய்டு லூப்பஸ் ஆகும். இதில் நாயின் மூக்கு நுனி தன் கருநிறத்தையும் சொரசொரப்பையும் இழந்து, வெளிறி, புண்ணாகிறது. வெயிலிலுள்ள புறவூதாக் கதிர்கள் இதனை மோசமாக்குகின்றன.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

அரிப்பும் பொருக்கும் பல நோய்களுக்குப் பொதுவானவை. சொறிச் சிற்றுண்ணி, டெமோடெக்ஸ் சிற்றுண்ணி, படர்தாமரைப் பூஞ்சை, பாக்டீரியத் தொற்று ஆகியன ஒவ்வாமையைப் போலவோ தன்னெதிர்ப்பு நோயைப் போலவோ தோன்றக்கூடும். சில படர்தாமரைத் தொற்றுகள் நுண்ணோக்கியின் கீழும் பெம்ஃபிகஸ் போலவே காட்சியளிக்கும். இந்நிலையில் நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்தைக் கொடுத்தால் தொற்று உடல் முழுவதும் பரவும். ஆகவே தோலைச் சுரண்டிப் பார்த்தல், பூஞ்சை வளர்ப்புச் சோதனை, கொப்புளத்தின் நீரை நுண்ணோக்கியில் காணல் ஆகியன முதலில் செய்யப்படுகின்றன.

தன்னெதிர்ப்பு நோய் என்ற ஐயம் இருப்பின் திசுத்துண்டு எடுத்து ஆராயப்படுகிறது. இது குளூக்கோகார்ட்டிக்காய்டு மருந்து தொடங்குவதற்கு முன் செய்யப்பட வேண்டும். பின்னர் எடுக்கும் திசுவில் நோயின் அடையாளங்கள் மறைந்துவிடக்கூடும். உணவு ஒவ்வாமையை அறிய, விலங்கு முன்பு உண்டிராத புரதம் ஒன்றையோ நீராற்பகுக்கப்பட்ட புரதத்தையோ மட்டும் ஏறத்தாழ 8 வாரங்கள் கொடுத்துப் பார்க்கின்றனர். இதற்கு நிகரான நம்பகமான இரத்தச் சோதனை இல்லை.

அட்டோபிக் தோலழற்சி உள்ள நாய்களில் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்னும் பாக்டீரியமும் மலசீசியா என்னும் மதுவப் பூஞ்சையும் பெருகி அரிப்பைக் கூட்டுகின்றன. இவற்றை அகற்றாமல் ஒவ்வாமை மருந்து மட்டும் கொடுத்தால் பயன் குறைவாகவே இருக்கும்.

வரலாறு

- 1911: மனிதரின் மகரந்த ஒவ்வாமைக்கு, மகரந்தச் சாற்றையே சிறிது சிறிதாக ஊசியிட்டுப் பழக்கும் முறையை இங்கிலாந்தில் லியோனார்டு நூன் வெளியிட்டார்.
- 1941: பருவகால ஒவ்வாமை கொண்ட நாய் ஒன்றைப் பற்றிய விவரிப்பை அமெரிக்க மருத்துவர் விட்டிச் வெளியிட்டார்.
- 1948: அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் கார்ட்டிசோனை முதன்முறையாக மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார். 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. இக்குடும்ப மருந்துகள் பின்னர் கால்நடை மருத்துவத்திலும் பரவின.
- 1970கள்: நார்வே நாட்டு மண்ணிலிருந்து பெறப்பட்ட பூஞ்சையொன்றில் சைக்ளோஸ்போரின் கண்டறியப்பட்டது. இது 1983இல் அமெரிக்காவில் மனிதரின் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்றது; 2003இல் நாய்களின் அட்டோபிக் தோலழற்சிக்கும், 2011இல் பூனைகளின் ஒவ்வாமைத் தோலழற்சிக்கும் அங்கு ஒப்புதல் பெற்றது.
- 2013: நாய்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ஒக்லாசிட்டினிப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.
- 2017: நாய்களுக்கான ஒற்றைப்படியாக்கப் பிறபொருளெதிரியான லோக்கிவெட்மாப் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெற்றது.

மருந்து வகைகள்

குளூக்கோகார்ட்டிக்காய்டுகள்

பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்சாமெதாசோன் முதலியன இவ்வகையின. அண்ணீரகச் சுரப்பி இயற்கையாகச் சுரக்கும் கார்ட்டிசோலை ஒத்தவை. இவை உயிரணுவினுள் புகுந்து ஏற்பியுடன் இணைந்து கருவை அடைந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் செயற்பாட்டை அடக்குகின்றன. விலை குறைவானவை, விரைந்து செயற்படுபவை, ஏறக்குறைய எல்லா வகை ஒவ்வாமை அரிப்பையும் தணிப்பவை.

நாயின் ஒவ்வாமைக்குப் பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.5 முதல் 1 மில்லிகிராம் என்ற அளவில் தொடங்கப்படுகிறது. தன்னெதிர்ப்பு நோய்க்கு 2 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் தேவைப்படுகிறது. ஒரே மருந்து குறைந்த அளவில் அழற்சியைத் தணிப்பதாகவும், மிகுந்த அளவில் நோயெதிர்ப்பையே ஒடுக்குவதாகவும் அமைகிறது.

இவற்றின் பக்கவிளைவுகள் அளவையும் காலத்தையும் பொறுத்தவை. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், பெரும்பசி, மூச்சிரைப்பு ஆகியன சில நாட்களிலேயே தோன்றும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தசை மெலிந்து வயிறு தொங்குதல், தோல் மெலிதல், முடியுதிர்தல், தோலில் சுண்ணாம்புப் படிவு, சிறுநீர்த் தொற்று ஆகியன ஏற்படும். பூனைகளில் நீரிழிவு தோன்றலாம். குதிரைகளில் குளம்பினுள் அழற்சி ஏற்பட்டு முடமாகும் அபாயம் கூறப்படுகிறது.

நெடுநாள் கொடுத்த மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. வெளியிலிருந்து கிடைத்து வந்ததால் அண்ணீரகச் சுரப்பி தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். அது மீள்வதற்குக் காலம் வேண்டும். ஆகவே அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவரப்படுகிறது. பல வாரங்கள் உடலில் தங்கும் ஊசி மருந்துகளில் இவ்வாறு அளவைக் குறைக்க வழியில்லை. தீங்கு நேர்ந்தாலும் செலுத்தியதைத் திரும்ப எடுக்க இயலாது. அரிப்பு மீளும்போதெல்லாம் காரணத்தைத் தேடாமல் இவ்வூசியையே மீண்டும் மீண்டும் போடுவது, ஒவ்வாமை என்ற ஒரு நோயுடன் மருந்தால் விளைந்த மற்றொரு நோயையும் சேர்ப்பதாகவே முடியும்.

ஹிஸ்டமின் எதிர்ப்பிகள்

செட்டிரிசின், குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் முதலியன மனிதரிடம் பெரும்பயன் தருபவை. நாயின் நாட்பட்ட அரிப்பில் இவற்றின் பயன் சிறிதே. முன்னர் கூறியவாறு அங்கு ஹிஸ்டமின் முதன்மைக் காரணியன்று என்பதும், இம்மருந்துகள் ஏற்கெனவே வெளிப்பட்ட ஹிஸ்டமின் செயற்பட்டபின் பயன் தருவதில்லை என்பதும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

சைக்ளோஸ்போரின்

இம்மருந்து டி உயிரணுவில் உள்ள கால்சினியூரின் என்னும் நொதியைத் தடுக்கிறது. அதனால் அவ்வுயிரணுக்கள் தூண்டப்படுவதும் பெருகுவதும் குறைகின்றன. நாய்களுக்கு நாள்தோறும் ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிகிராமும் பூனைகளுக்கு 7 மில்லிகிராமும் தொடக்க அளவாகும். முழுப் பயன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பின்னர் பல விலங்குகளில் ஒருநாள் விட்டு ஒருநாளாகவோ வாரம் இருமுறையாகவோ குறைக்க முடிகிறது.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் பொதுவான பக்கவிளைவுகள். ஈறு வீக்கம், மிகை முடி வளர்ச்சி ஆகியனவும் காணப்படுகின்றன. பச்சை இறைச்சி உண்ணும் பூனையிலும் வேட்டையாடும் பூனையிலும் டாக்சோபிளாஸ்மா தொற்றுக்கு எதிராக எச்சரிக்கை தேவை.

ஜானஸ் கைனேஸ் தடுப்பிகள்

சைட்டோகைன்களின் செய்தியை உயிரணுவின் உள்ளே கடத்தும் நொதிகள் ஜானஸ் கைனேஸ்கள் எனப்படுகின்றன. இரு முகம் கொண்ட உரோமானியத் தெய்வத்தின் பெயர் இவற்றுக்கு இடப்பட்டது. ஒக்லாசிட்டினிப் முதன்மையாக ஜானஸ் கைனேஸ்-1 நொதியைத் தடுத்து, இன்டர்லூக்கின்-31 உள்ளிட்டவற்றின் செயலை நிறுத்துகிறது. கிலோகிராமுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் வரை நாளுக்கு இருமுறை, 14 நாட்கள் வரையிலும், அதன்பின் நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கப்படுகிறது. சில மணி நேரத்திலேயே அரிப்புக் குறையத் தொடங்கும். தாகம், பெரும்பசி முதலிய குளூக்கோகார்ட்டிக்காய்டின் தொல்லைகள் இதில் இல்லை.

எனினும் இது 12 மாதத்துக்குக் குறைந்த நாய்களுக்கும் கடுந்தொற்று உள்ள நாய்களுக்கும் கொடுக்கத்தக்கதன்று. தொற்றுக்கும் டெமோடெக்ஸ் பெருக்கத்துக்கும் இடமளிக்கலாம் என்றும், ஏற்கெனவே உள்ள புற்று நிலைகளை மோசமாக்கலாம் என்றும் இதன் மருந்துக் குறிப்பு எச்சரிக்கிறது. இவ்வகையில் மற்றொரு மருந்தான இலுனோசிட்டினிப் 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

லோக்கிவெட்மாப்

இது மருந்து மூலக்கூறு என்பதை விட, ஆய்வகத்தில் ஆக்கப்பட்ட நாய்ப் பிறபொருளெதிரி எனலே பொருந்தும். குருதியில் உலவும் இன்டர்லூக்கின்-31ஐப் பற்றிக்கொண்டு நரம்பை அடையாமல் தடுக்கிறது. தோலடியில் ஒருமுறை ஊசியிட்டால் 4 முதல் 8 வாரங்கள் வரை பயன் நீடிக்கும். மற்றப் புரதங்களைப் போலவே உடலில் சிதைந்து போவதால், கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ தனிச்சுமை தருவதில்லை. ஆகவே வேறு நோய்களும் உடைய முதிய நாய்களுக்கு ஏற்றதாகிறது. அரிப்பை மட்டுமே நிறுத்துவதால், கடும் அழற்சி உள்ள தோலுக்கு இது தனியாகப் போதாது. நாய்க்கென அமைக்கப்பட்ட புரதமாதலால் பூனைக்குப் பயன்படுத்தக்கூடாது.

ஒவ்வாமையூக்கிச் சிகிச்சை

விலங்கின் நோய்க்குக் காரணமான பொருளின் சாற்றையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகவோ நாவின் கீழோ கொடுப்பது இம்முறை. அட்டோபிக் தோலழற்சியின் போக்கையே மாற்றவல்ல சிகிச்சை இது ஒன்றே. ஏறத்தாழ 50 முதல் 70 விழுக்காடு நாய்கள் பயன்பெறுகின்றன. பயன் தெரியப் பல மாதங்கள், சிலவற்றில் ஓராண்டு வரை ஆகும். அதுவரை அரிப்பைத் தணிக்க வேறு மருந்தும் தரப்படுகிறது.

தெள்ளுப்பூச்சி மருந்துகள்

தெள்ளுப்பூச்சி ஒவ்வாமைக்கு உண்மையான மருந்து பூச்சியை ஒழிப்பதே ஆகும். அஃபோக்சோலானர், ஃப்ளுராலானர் முதலிய ஐசோக்சசோலின் மருந்துகள் இதற்குப் பயன்படுகின்றன. இவை சில விலங்குகளில் நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கக்கூடும் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. நாய்களுக்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் மேல் இடுதல் உயிருக்கு ஆபத்தானது.

பிற நோயெதிர்ப்பு ஒடுக்கிகள்

தன்னெதிர்ப்பு நோயில் குளூக்கோகார்ட்டிக்காய்டின் அளவைக் குறைப்பதற்காக இரண்டாவது மருந்து சேர்க்கப்படுகிறது. நாய்களில் அசாதையோப்பிரின் பயன்படுகிறது. இது உயிரணுக்கள் பெருகுவதைத் தடுப்பது. கல்லீரல் பாதிப்பும் எலும்பு மச்சை ஒடுக்கமும் இதன் தீங்குகள். ஆகவே தொடக்க மாதங்களில் ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. பூனைகளில் குளோராம்புசில் அல்லது சைக்ளோஸ்போரின் பயன்படுகிறது.

டிஸ்காய்டு லூப்பஸ் போன்ற மிதமான நோய்களில் டெட்ராசைக்ளின் அல்லது டாக்சிசைக்ளினுடன் நியாசினமைடு சேர்த்துத் தரப்படுகிறது. இங்கு டெட்ராசைக்ளின் பாக்டீரியத்தைக் கொல்வதற்காகவன்றி, அழற்சியைத் தணிக்கும் அதன் பண்புக்காகவே தரப்படுகிறது. மூக்கின் மேல் தடவும் 0.1 விழுக்காடு டாக்ரோலிமஸ் களிம்பும், வெயிலைத் தவிர்த்தலும் துணைபுரிகின்றன.

பூச்சு மருந்துகளும் துணைச் சிகிச்சையும்

ஹைட்ரோகார்ட்டிசோன் அசிப்போனேட் தெளிப்பு மருந்து தோலிலேயே பெரும்பாலும் சிதைவதால் உடலுக்குள் குறைவாகவே செல்கிறது. அழற்சி அடங்கிய பின் வாரத்தில் அடுத்தடுத்த இரு நாட்கள் மட்டும் தெளிப்பதால் நோய் மீள்வது தள்ளிப்போகிறது. குளோர்ஹெக்சிடின் கலந்த குளியல் நீர்மம் கிருமிகளைக் குறைக்கிறது. இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் 8 முதல் 12 வாரங்களில் சிறு பயன் தந்து மற்ற மருந்துகளின் தேவையைக் குறைக்க உதவுகின்றன.

விலங்கினங்களுக்கிடையே வேறுபாடுகள்

ஒரு விலங்குக்கு உகந்த மருந்து மற்றொன்றுக்கு உகந்ததன்று என்பதற்கு இத்துறையில் தெளிவான எடுத்துக்காட்டுகள் உள்ளன.

- அசாதையோப்பிரினைச் சிதைக்க உதவும் தயோபியூரின் மெத்தில்மாற்றி நொதி பூனையில் மிகக் குறைவு. ஆகவே நாய்க்குத் தரும் அளவு பூனையின் எலும்பு மச்சையை ஒடுக்கி உயிரைப் பறிக்கக்கூடும். பூனைக்கு இம்மருந்து தவிர்க்கப்படுகிறது.
- பிரெட்னிசோன் என்பது கல்லீரலில் பிரெட்னிசோலோனாக மாறிய பின்னரே செயற்படும். நாயில் இம்மாற்றம் நன்கு நடைபெறுகிறது. பூனையிலும் குதிரையிலும் வாய்வழி கொடுத்த பிரெட்னிசோனிலிருந்து போதிய பிரெட்னிசோலோன் குருதியில் சேர்வதில்லை. ஆகவே இவற்றுக்குப் பிரெட்னிசோலோனே தரப்படுகிறது.
- குதிரையின் நுண்கொசு ஒவ்வாமையில் மருந்தை விட, உடலை மூடும் போர்வையும், கொசு மிகும் அந்தி, விடியற் பொழுதுகளில் தொழுவத்தில் அடைத்தலும் முதன்மையானவை.

தன்னெதிர்ப்பு நோயில் சிகிச்சை முறை

பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் சிகிச்சை சில கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் உயர்ந்த அளவு மருந்தால் புதிய கொப்புளங்கள் தோன்றுவது நிறுத்தப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் அளவு பல மாதங்களில் மெல்லக் குறைக்கப்படுகிறது. மூன்றாம் கட்டத்தில் நோயை அடக்கி வைக்கும் மிகக் குறைந்த அளவு கண்டறியப்பட்டுத் தொடரப்படுகிறது. சில விலங்குகளில் மருந்தை முற்றாக நிறுத்தவும் முடிகிறது. பலவற்றில் நிறுத்தினால் நோய் மீள்கிறது.

இந்நோயால் இறக்கும் நாய்களுள் பல, நோயின் கடுமையால் அன்றி மருந்தின் பக்கவிளைவாலோ, அதனால் நலிந்த நிலையில் கருணைக் கொலைக்கு உட்படுத்தப்பட்டோ இறக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பொருக்கையும் மறையச் செய்வதைச் சிகிச்சையின் நோக்கமாகக் கொள்வதில்லை. மூக்கில் சிறிது பொருக்கு எஞ்சியிருந்தாலும் விலங்கு உண்டு, உறங்கி, நடமாடி நலமாக இருக்குமாயின், அதுவே மேலதிக மருந்தை விட நல்ல விளைவாகக் கொள்ளப்படுகிறது.

வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

- வீட்டில் மனிதருக்கு வாங்கிய குளூக்கோகார்ட்டிக்காய்டு மாத்திரையையோ களிம்பையோ மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக்கூடாது. இக்கட்டுரையில் கூறப்பட்ட அளவுகள் விளக்கத்துக்கானவை. மருந்துச் சீட்டு ஆகா.
- குளூக்கோகார்ட்டிக்காய்டுடன் மெலோக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் உண்டாகிக் குருதி கசியலாம்.
- மருந்தால் அரிப்பு நின்றதும் தாமாக நிறுத்துவதும், மீண்டும் தோன்றியதும் தாமாகத் தொடங்குவதும் தவிர்க்கப்பட வேண்டும்.
- தோலில் ஒவ்வாமைச் சோதனை செய்வதற்கு முன் குளூக்கோகார்ட்டிக்காய்டும் ஹிஸ்டமின் எதிர்ப்பிகளும் குறித்த காலம் நிறுத்தப்பட வேண்டும். இல்லையெனில் முடிவு பொய்யாகும்.
- நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்து பெறும் விலங்குக்குத் தடுப்பூசி போடுமுன் அம்மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கூற வேண்டும்.
- தாகம், சிறுநீரின் அளவு, எடை, புதிய கட்டிகள், காய்ச்சல் ஆகியவற்றைக் குறித்து வைப்பது, மருந்தின் தீங்கைத் தொடக்கத்திலேயே அறிய உதவும்.